கட்டிலுக்கடியில் ஒரு புத்தகம்

திருப்பரங்குன்றம் பெரிய ரத வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். போன தை மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவி, சணல் கயிறு கட்டிய பொட்டலம் ஒன்றை இழுத்தார். மேலே நாற்பது வருடத் தூசி, உள்ளே அந்துருண்டை வாசம். பழைய தினசரித் தாளைப் பிரித்தால் பதினொரு பிரதிகள். குன்றத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நாற்று நடும்போதும் கும்மியடிக்கும்போதும் பாடும் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதி, 1984-ல் சொந்தக் காசில் அவர் அச்சடித்த தொகுப்பு.

"ஆயிரம் போட்டேன் தம்பி. நூலக ஆணையில கொஞ்சம் போச்சு. கல்யாணம், காதுகுத்து, புதுவீடு பால் காய்ச்சுறதுன்னு மொய்க்குப் பதிலா கொஞ்சம் கொடுத்தேன். மிச்சத்தக் கரையான் வாசிச்சிருச்சு."

"இதையாவது மின்னூலாக்கிருவோம்ங்கய்யா."

"பேத்தியும் அதத்தான் சொல்லுது. நாலு படம் பிடிச்சு ஏத்திட்டா மின்னூல் ஆயிடுமாமே?"

அச்சுப் புத்தகத்தை மின்னூலாக்கித் தருவது இப்போது என் பிழைப்பு. அதற்கு முன்பு டிடிபி கடையில் இருந்தேன். அதற்கும் முன்பு, அரைக்கால் சட்டைப் பருவத்தில், அச்சாபீஸ் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவன். அந்த மூன்று காலத்தையும் பார்த்தவன் என்பதால், படம் பிடித்து ஏற்றினால் போதுமா என்று யார் கேட்டாலும் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுத்து கலைந்த காலம்

அந்த நாள் அச்சாபீஸில் ஆளுயரச் சட்டத்தில் சாய்வாக மரப்பெட்டிகள் இருக்கும். அதற்குக் கேஸ் என்று பெயர். ஒவ்வொரு பெட்டியும் சிறு சிறு அறைகளாகப் பிரிந்திருக்கும். அறைக்கு ஓர் எழுத்து. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்தும் பெரிய எழுத்தும் எண்ணும் போதும். தமிழுக்கு அப்படியா? கி வேறு, கீ வேறு, கு வேறு, கூ வேறு. ஒற்றைக் கொம்பு தனி, இரட்டைக் கொம்பு தனி, கால் தனி. எந்த அறையில் எது என்று கம்பாசிட்டரின் விரலுக்குத் தெரியும். கண் கையெழுத்துப் பிரதியில்தான் இருக்கும். இடது கையில் பிடித்த ஸ்டிக்கில் ஒவ்வொரு ஈய எழுத்தாக, தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி அடுக்குவார். வரி முடிந்தால் இடையில் ஈயத் தகடு. ஸ்டிக் நிறைந்தால் கேலி என்கிற தட்டுக்கு மாற்றி, நூல் கயிற்றால் கட்டி, மையைத் தடவி ஈரத்தாளை வைத்துத் தட்டி ஒரு புரூஃப் எடுப்பார்.

ஆசிரியரின் புத்தகம் அப்படித்தான் உருவானது. மதுரையில் ஓர் அச்சாபீஸ். பள்ளிக்கூடம் விட்டதும் குன்றத்திலிருந்து பஸ் பிடித்துப் போவார். பசுமலை, பைக்காரா, பழங்காநத்தம் தாண்டி இறங்கி, புரூஃப் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவார். ராத்திரி விளக்கில் திருத்தி மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்பார். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஒரு ஃபாரம் ஓடினால்தான் அடுத்த ஃபாரம் கோக்க முடியும்.

ஏன் என்று கேட்டால், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு முழுப் புத்தகத்தையும் கோத்து வைக்கும் அளவுக்கு ஈய எழுத்து எந்தச் சின்ன அச்சாபீஸிலும் இருக்காது. ஆயிரம் தாள் ஓடி முடிந்ததும் அந்த ஃபாரத்தைக் கழுவி, அடுக்கிய எழுத்துகளைப் பிரித்து, மறுபடி அந்தந்த அறையில் போட்டுவிடுவார்கள். நேற்றுக் கும்மிப்பாட்டில் நின்ற 'க', இன்றைக்கு யாரோ ஒருவர் கல்யாணப் பத்திரிகையில் நிற்கும். நாளைக்கு நகராட்சி நோட்டீஸில். புத்தகம் தாளில் நிலைக்கும். அதை உண்டாக்கிய எழுத்து அன்றைக்கே கலைந்துபோகும். இரண்டாம் பதிப்பு வேண்டுமானால் முதல் எழுத்திலிருந்து மறுபடி கோக்க வேண்டும். அதற்கு மறுபடி பணம் வேண்டும்.

பணம் என்றதும் ஆசிரியர் உள்ளறையைப் பார்த்தார். அவருடைய மனைவியின் இரட்டை வடச் சங்கிலி ஒன்று அந்தப் புத்தகத்துக்காக அடகுக்குப் போய், மூன்று வருஷம் கழித்துத் திரும்பியது. தமிழில் நூலைத் தானே அச்சிட்டுக்கொள்வது புதிய பழக்கமும் இல்லை; அதற்காகக் கஷ்டப்படுவது புதிய கஷ்டமும் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, புத்தகம் வருவதற்கு முன்பே கையொப்பம் வாங்கி, முன்பணம் திரட்டித்தான் அச்சுக்கூலி கொடுத்தார். இன்றைக்கு இணையத்தில் முன்பதிவு என்கிறோமே, அது அன்றைக்கே இருந்தது, பெயர்தான் கையொப்பம்.

விற்பதும் அவரவர் பாடுதான். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தின் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின், பாத்திரம், பொம்மை, புத்தகம் எல்லாம் ஒன்றாக விற்றன. அங்கிருந்து பதிப்பித்தவர்களில் இ.மா.கோபாலகிருஷ்ணக் கோன் பெயர் பழைய புத்தகங்களின் முகப்பில் இன்றும் கண்ணில் படும். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. சொந்தக் காசில் அச்சடித்தவருக்கு அப்படிப்பட்ட கடைகளில் பத்துப் பிரதி வைக்க இடம் கிடைப்பதே பெரிது. மிச்சம் கட்டிலுக்கடியில்.

எழுத்து பூட்டிக் கிடந்த காலம்

1990களில் கணினி வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த டிடிபி கடையில் இரண்டு கணினி, ஒரு லேசர் பிரிண்டர், காற்றுக்கு ஒரு மேசை விசிறி. பேஜ்மேக்கரில் அடித்து, டிரேசிங் தாளில் அச்செடுத்து, ஆஃப்செட்டுக்கு அனுப்புவோம். எழுத்து கலைகிற கவலை தீர்ந்தது என்று நினைத்தோம். ஃபைல் இருக்கிறதே, அடுத்த பதிப்புக்கு ஒரு பொத்தான் தட்டினால் போதாதா?

போதவில்லை. அப்போது தமிழுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வகையில் எழுத்துரு செய்திருந்தது. ஸ்ரீலிபி ஒரு கணக்கு, வானவில் ஒரு கணக்கு, பாமினி ஒரு கணக்கு. கணினியைப் பொறுத்தவரை அதில் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பாமினியில் 'தமிழ்' என்று அடித்துவிட்டு அந்த எழுத்துருவை எடுத்துவிட்டால் திரையில் மிஞ்சுவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புத்தகம் முழுக்கவே அப்படித்தான் தெரியும்.

குன்றத்தில் உட்கார்ந்துகொண்டு நூலைப் பற்றிப் பேசினால் நக்கீரர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். இந்த மலையில் ஒரு பூதம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரைக் குகையில் அடைத்துவிட்டு ஆயிரமாவது ஆளுக்குக் காத்திருந்ததாம். நக்கீரர் அகப்பட்டார்; திருமுருகாற்றுப்படை பாடினார்; முருகன் வந்து எல்லோரையும் மீட்டான் என்பது ஊர்க்கதை. எங்கள் கடை ஃபைல்களும் அந்தக் குகைக்குள் இருந்தவர்களைப் போலத்தான். ஆள் உள்ளேதான் இருக்கிறார், வெளியே வர வழியில்லை. ஒருவர் வந்து, "எட்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க கடையில அடிச்ச புத்தகம், அந்த ஃபைல் இருக்காண்ணே?" என்று கேட்டார். ஃப்ளாப்பி இருந்தது, பூஞ்சை பிடித்திருந்தது. இன்னொருவருக்கு ஃபைல் நன்றாகத் திறந்தது; எழுத்துருதான் எங்கும் கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கும் புத்தகத்தை மறுபடி அடித்துத்தான் கொடுத்தேன். ஈய எழுத்தைக் கலைத்தவர்கள் கலைத்துவிட்டோம் என்று தெரிந்தே கலைத்தார்கள். நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நம்பியே தொலைத்தோம்.

அதே நேரத்தில் வேறு சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பெயர்தான் மதுரை. அதை நடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு.கல்யாணசுந்தரம், துணைநின்றவர் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ச்சுனன். சங்கம் இருந்த ஊரின் பெயரை வைத்தார்கள். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வந்த பிறகு, ஆளுக்கொரு நூலை எடுத்து எழுத்தெழுத்தாக அடித்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். முதலில் ஏற்றிய நூல் திருக்குறள். காசு வாங்கவில்லை, யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

அவர்களும் முதலில் பழைய எழுத்துருக் கணக்கில்தான் அடித்தார்கள். ஆனால் யூனிகோடு பரவியதும் தங்கள் நூல்களை அதற்கு மாற்றிக்கொண்டார்கள். தமிழுக்கு யூனிகோடில் 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. அதில் 'த' என்றால் எந்தக் கணினியிலும், எந்த போனிலும் 'த'தான். எழுத்துருவை மாற்றினால் உருவம் மாறும், எழுத்து மாறாது. தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். நக்கீரர் பாடியதாகச் சொல்லும் திருமுருகாற்றுப்படையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓலையில் கிடந்து, அச்சேறி, 1889-ல் உ.வே.சா. பதிப்பித்த பத்துப்பாட்டில் முதல் பாட்டாக நச்சினார்க்கினியர் உரையோடு இடம்பெற்று, பிறகு மதுரைத் திட்டத்தில் 317 அடிகளும் எழுத்தாக ஏறிவிட்டது. பதினாறுகால் மண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்து போனிலேயே தேடினால் வந்து நிற்கும்.

எழுத்து நடமாடும் காலம்

இனி ஆசிரியரின் கேள்விக்கு வரலாம். படம் பிடித்து ஏற்றினால் ஆகாதா?

ஆகும், ஆனால் படம்தான் ஆகும். பக்கங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினால் நூல் அழியாமல் இருக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகமும் ரோஜா முத்தையா நூலகமும் ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டமும் அப்படிக் காப்பாற்றியவை ஏராளம். ஆவணத்துக்கு அது போதும். வாசகருக்குப் போதாது. போன் திரையில் டெம்மி அளவுப் பக்கத்தை விரலால் இழுத்து இழுத்து எத்தனை பக்கம் படிக்க முடியும்? எழுத்தைப் பெரிதாக்க முடியாது, சொல்லைத் தேட முடியாது. பார்வையற்ற ஒருவரின் போன் அதை வாசித்துக் காட்ட முடியாது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு புகைப்படம், அவ்வளவுதான். இபப் என்கிற மின்னூல் வடிவில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். திரைக்குத் தக்கபடி வரி மடங்கிக்கொள்ளும். எழுபத்தெட்டு வயது ஆசிரியர் எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கிக் கொள்ளலாம்.

ஆக, படத்திலிருந்து எழுத்தை எடுக்க வேண்டும். ஓசிஆர் என்கிற எழுத்துணரி அந்த வேலையைச் செய்கிறது. பத்தாண்டுக்கு முன்பு வரை தமிழுக்கு அது பெயரளவில்தான் இருந்தது. கூகுள் தன் எழுத்துணரியைப் பொதுவில் திறந்துவிட்ட பிறகு நிலைமை மாறியது. நாட்டுடைமையான நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் விக்கிமூலத்தில் ஏறியது அந்த வழியில்தான். இன்றைக்கு 132 பக்கப் புத்தகத்தை ஒரு காலையில் ஸ்கேன் செய்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் எழுத்தாக்கிவிடலாம்.

ஆக்கிவிட்டு முதல் பக்கத்தைத் திறந்தேன். 'இல்லை' எல்லாம் 'இல்லே' ஆகியிருந்தது. 'ஆனால்' என்பது 'ஆளுல்'. 'என்றான்' என்பது 'என்ருன்'. ஆசிரியர் பதறிப்போனார். "இது என்ன தம்பி, வேற யாரோ எழுதுன மாதிரில்ல இருக்கு?"

காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978 அக்டோபரில். அதற்கு முன் லை, னை, ளை, ணை ஆகியவற்றுக்குத் துதிக்கை மாதிரி மேலே ஒரு சுழி உண்டு. ணா, றா, னா மூன்றுக்கும் கால் கிடையாது, அடியில் வளைத்து முடிப்பார்கள். அரசு ஆணை வந்ததும் எல்லா அச்சாபீஸும் ஈய எழுத்தைக் கொட்டிவிட்டுப் புதிது வாங்கிவிடவில்லை. தேயும்வரை ஓட்டினார்கள். அதனால்தான் 1984-ல் அச்சான புத்தகத்திலும் துதிக்கை. எழுத்துணரிக்கு அந்தச் சுழி இரட்டைக் கொம்பாகத் தெரிகிறது, வளைந்த 'னா' 'ளு'வாகத் தெரிகிறது. இன்னும் பழைய புத்தகமாக இருந்தால் பக்க எண் தமிழ் எண்ணில் இருக்கும். அப்போது ஒன்றாம் பக்கம் 'க', இரண்டாம் பக்கம் 'உ' என்று பாட்டின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இவற்றைக்கூட மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம். தேடினால் அகப்படாதவைதான் தொல்லை. அந்தக்கால அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை உடைத்து, கோடு எதுவும் போடாமல் அடுத்த வரிக்குப் போவார்கள். படிக்கிற கண் தானாகச் சேர்த்துக்கொள்ளும். எழுத்துணரி 'திருப்பரங்' ஒரு சொல், 'குன்றம்' ஒரு சொல் என்று நடுவில் வெளி விட்டுவிடும். அரைத் தேய்மான 'ண' 'ன' ஆகும். அதுவும் ஒரு சொல்லாகவே இருந்துவிட்டால் எந்தப் பிழைதிருத்தியும் கண்டுபிடிக்காது. பாட்டாக இருந்தால் இன்னும் சிக்கல். எந்த வரி பாட்டிலேயே முடிகிறது, எது தாளில் இடமில்லாமல் மடங்கியது என்று கருவிக்குத் தெரியாது. 'வாராக', 'போறாக' என்று இந்தச் சீமைப் பேச்சு வந்தால் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். அதன் பேச்சைக் கேட்டுத் திருத்தினால் பாட்டே போய்விடும்.

கடைசியில் பழைய வழிக்குத்தான் வந்தோம். ஆசிரியர் அச்சுப் பிரதியை மடியில் வைத்து உரக்க வாசிப்பார். நான் திரையில் பார்த்துக்கொண்டே போவேன். ஒருவர் படிக்க ஒருவர் ஒத்துப் பார்ப்பது. ஓலைக்கும் ஓலைக்கும் அன்று அப்படித்தான் ஒத்துப் பார்த்தார்கள். கையெழுத்துக்கும் புரூஃபுக்கும் அப்படித்தான். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் போனால் அதிகம்.

ஆறாம் நாள் என்று நினைக்கிறேன். நாற்றுப் பாட்டு ஒன்றுக்கு அவர் எழுதியிருந்த முன்குறிப்பை வாசித்துக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "பெண்கள் குவளை இடுவர்" என்று அச்சில் இருந்தது. எழுத்துணரி பாவம், சரியாகத்தான் படித்திருந்தது. தவறு 1984-லேயே நடந்தது. 'குலவை'யைக் கம்பாசிட்டர் 'குவளை' என்று கோத்திருக்கிறார். ஆசிரியரும் புரூஃபில் விட்டுவிட்டார். பிழைதிருத்தப் பட்டியலிலும் அது இல்லை.

"நாப்பது வருஷமா எங்க ஊர்ப் பொம்பளைங்க குலவை போட விடாம குவளையக் கையில கொடுத்து நிக்க வச்சிருக்கேன் தம்பி," என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று அந்தப் பிழையைத் திருத்த வழியில்லை. ஆயிரம் பிரதியிலும் மசியால் அடித்து எழுத முடியுமா? மறுபதிப்புக்கு இன்னொரு சங்கிலியா? இன்று இரண்டு எழுத்தை மாற்றினேன், முடிந்தது. ஏற்றிய பிறகு கண்டுபிடித்திருந்தாலும் திருத்தி மறுபடி ஏற்றியிருக்கலாம். எழுத்து கலையாமல் கையில் இருக்கிறது என்பதன் அர்த்தம் எனக்கு அந்த இடத்தில்தான் முழுசாக விளங்கியது.

காசும் உரிமையும்

மெய்ப்பு முடிந்தால் மீதி வேலை சுலபம். தலைப்புக்குத் தலைப்பு வடிவம், பத்திக்குப் பத்தி வடிவம் என்று குறித்துவிட்டால் பொருளடக்கம் தானாக உருவாகும். சிகில், காலிபர் போன்ற செயலிகள் இலவசம். பக்க எண்ணுக்குப் பொருளில்லாததால் 'பக்கம் 47 காண்க' என்று எங்கே எழுதியிருந்தாலும் தொடுப்பாக மாற்ற வேண்டும். அட்டைப்படம் ஓவியர் வரைந்ததாக இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

எங்கே ஏற்றுவது? அமேசான் கிண்டிலில் தமிழ் வந்தது 2016 டிசம்பரில். அதற்கு முன்பே, 2013-லிருந்து, ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்ற தன்னார்வக் குழு நடந்து வந்தது. எழுத்தாளரிடம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அனுமதி வாங்கி, மின்னூலாக்கி, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வைத்தார்கள். அவர்கள் தரும் வடிவங்களில் ஆறங்குலத் திரைக்கென்று ஒரு பிடிஎஃப் இருக்கும். படிப்பான்கள் தமிழை ஒழுங்காகக் காட்டாத நாளில் கண்ட உபாயம் அது.

கிண்டிலில் விலை வைத்து விற்றால் பங்கு 35 விழுக்காடு அல்லது 70 விழுக்காடு. இந்திய விற்பனையில் 70 வேண்டுமென்றால் அவர்களின் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் தொண்ணூறு தொண்ணூறு நாளாக அந்த மின்னூலை வேறு எங்கும் வைக்கக் கூடாது. காசா, பரவலா என்று எழுதியவரே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். அரசும் இதில் ஒரு வித்தியாசம் வைத்திருக்கிறது. 2018 ஜூலையில் அச்சில் வந்த நூலின் மின்வடிவுக்கு ஜிஎஸ்டியை 5 விழுக்காடாகக் குறைத்தார்கள். அச்சையே பார்க்காத மின்னூலுக்கு 18 என்று விட்டுவிட்டார்கள்.

உரிமையில் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். சொந்தக் காசில் அச்சடித்த நூல் எழுதியவருடையது. அச்சாபீஸ் வாங்கியது கூலி. அதற்கு உரிமை கிடையாது. பதிப்பாளருக்குக் கொடுத்த நூலாக இருந்தால் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றத்தை ஐந்தாண்டு என்றே 1957 பதிப்புரிமைச் சட்டம் கொள்கிறது. எழுதிக் கொடுத்த நாளில் புழக்கத்திலேயே இல்லாத வடிவத்துக்கு, பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால், அந்த எழுத்து செல்லாது என்று 2012 திருத்தம் சேர்த்தது. எழுதியவர் காலமாகி அறுபது ஆண்டு வரை உரிமை வாரிசுகளுக்கு. தாத்தா எழுதியதைப் பேரன் மின்னூலாக்க நினைத்தால் சித்தப்பா, அத்தை எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவது நல்லது.

கூடியதும் குறைந்ததும்

அன்றைக்கு ஆயிரம் பிரதி அடித்தால்தான் புத்தகம். இன்றைக்கு ஒரு பிரதிகூட அடிக்காமல் புத்தகம். அன்றைக்கு டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் இடம்பிடிக்க அலைந்தவரின் நூலை இன்றைக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் நடு ராத்திரியில் வாங்கலாம். வாங்கலாம் என்பதால் வாங்கிவிடுவார் என்றில்லை. கட்டிலுக்கடியில் கிடப்பதற்கும் யாரும் தேடாத பட்டியலில் கிடப்பதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கரையான் மட்டும் இல்லை.

குறைந்தது என்று பார்த்தால் கம்பாசிட்டர். கையெழுத்துப் பிரதியை முதலில் வாசிக்கிற ஆள் அவர். "ஐயா, இந்த இடம் பொருள் வரலையே" என்று கேட்பார். குலவையைக் குவளையாக்கியவர்தான்; ஆனால் எத்தனை குவளையைக் குலவையாக்கி எழுதியவர் மானத்தைக் காப்பாற்றினாரோ, அதற்குக் கணக்கு இல்லை. இன்று எழுதுகிறவருக்கும் ஏற்றுகிற பொத்தானுக்கும் நடுவே ஆளே இல்லை. அதனால்தான் எழுத்துணரி கொடுத்ததை அப்படியே ஏற்றிய மின்னூல்கள் 'ஆளுல்', 'என்ருன்' என்று விலைக்கு வருகின்றன. காசு கொடுத்து வாங்கியவர் இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, தமிழ் மின்னூலே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார். இது கருவியின் குற்றமில்லை. பத்து நாள் உட்கார்ந்து ஒத்துப் பார்க்கப் பொறுமையில்லாத நம் குற்றம்.

சொந்தமாக நூல் போட்ட, போடப் போகிற எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது மூன்றுதான். ஒன்று, அச்சுக்குக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: வேலை முடிந்ததும் பிடிஎஃப் மட்டும் போதாது, யூனிகோடில் எழுத்து ஃபைலும் வேண்டும் என்று. கூலி கொடுத்தவர் நீங்கள். கேட்க உரிமை உண்டு. அதை இரண்டு இடத்தில் வையுங்கள். இரண்டு, பழைய புத்தகத்தை மின்னூலாக்கினால் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசிக்க ஒருவர் பார்த்து, ஒரு முறையாவது முழுசாக ஒத்துப் பாருங்கள். வீட்டில் பேரப்பிள்ளை இருந்தால் இதைவிட நல்ல தமிழ்ப் பாடம் வேறில்லை. மூன்று, ஸ்கேன் செய்ய வசதி என்று யாராவது புத்தகத்தின் முதுகை வெட்டச் சொன்னால், எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வெட்டக் கொடுங்கள்.

ஆசிரியரிடம் பதினொன்று இருந்தது. ஒன்றை வெட்டினோம். பத்து இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதென்றால் அதை வெட்டவும் வேண்டாம், யாருக்கும் இரவல் கொடுக்கவும் வேண்டாம்.